சந்து முனையில் ஒரு சக்கர நாற்காலி

யாரோ ஒரு புண்ணியவான் பேச்சியம்மாளுக்குத் தானமாகத் தந்த சக்கர நாற்காலி அது. அவள் வீடிருந்த சந்து குறுகல், நாற்காலி நுழையாது. முனையிலிருந்த டீக்கடைத் தூணில்தான் அதைப் பூட்டிவைப்பாள். பகலெல்லாம் அவளைச் சுமக்கும். பொழுது சாய்ந்தால் அவள் கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தவழ்ந்தே வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த வீட்டைப் பார்க்க நாற்காலிக்குக் கொள்ளை ஆசை. ஒருநாள் காலையில், அவள் மடியில் கிடந்த செருப்புகளிடம் மெல்லக் கேட்டது.

“அக்கா, நம்ம ஆத்தா வீடு உள்ளே எப்படி இருக்கும்?”

“எங்களுக்கு என்னடா தெரியும்?”

“தினமும் கூடவே போறீங்களே!”

“போய் என்ன? கையில மாட்டினாலும் செருப்பு செருப்புதான்னு வாசப்படியிலேயே கழற்றிப் போட்டுடுவா” என்றது ஒரு செருப்பு.

மற்றது சொன்னது: “குழம்பு தாளிக்கிற வாசம் மட்டும் வெளியே வரும்.”

“என்ன குழம்புக்கா?” என்றது நாற்காலி.