வேறு கம்பெனித் தையல்

புது ரோபோவை வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். பழையதைவிட வேகம், ரத்தச் சேதமும் குறைவு. நாற்பது பேருக்கு ஆபரேஷன் செய்து பார்த்துத்தான் எழுதினேன். நாற்பது பேருமே முதல்முறையாக வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இன்று சகாயமேரி என்ற பெண்ணின் கணவருக்கு, முன்பு பழைய ரோபோ போட்ட குடல் தையல் பிரிந்துவிட்டது. வயிற்றைத் திறந்த புது ரோபோ, 'வேறு நிறுவனத்தின் தையல், தொட அனுமதியில்லை' என்று திரையில் காட்டிவிட்டுக் கைகளை மடக்கிக்கொண்டது. பழையதைப் போன மாதமே திருப்பி அனுப்பிவிட்டோம்.

வெளியே வந்து சகாயமேரியிடம் சொன்னேன்.

"அந்த மெஷின் கெடக்கட்டும் சார். நீங்க பெரிய டாக்டராச்சே, உங்க கையாலயே தச்சு விடுங்க" என்று கும்பிட்டாள்.

இருபது வருடமாக நான் சர்ஜன். தையல் ஊசியைக் கல்லூரி மியூசியத்தில், கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன்.