லீவே எடுக்காதவர்கள்

"லீவு மட்டும் வேண்டாம் சார்," என்று கெஞ்சினார் சம்பளப் பிரிவு பத்ரிநாராயணன்.

முதலாளி அப்துல் கஃபார் சிரித்தார். "மாசாமாசம் ஏறுற லீவைத் தொடாமலே வெச்சிருக்கீங்க. பத்து நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"மாசக் கடைசி சார். சம்பளம் போடணும், எல்லாருக்கும் லீவு ஏத்தணும்."

"ஜெயராம் பாத்துப்பான். நீங்க தி.நகர் ஆபீஸ் பக்கமே வரக்கூடாது!"

மயிலாப்பூர் வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஜெயராமின் போன் வந்தது.

"சார், சம்பளம் போட்டாச்சு, லீவும் ஏத்தியாச்சு. உங்கள மாதிரியே இன்னொருத்தரும் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல சார்! சம்பளப் பட்டியல்ல ஹம்சான்னு பேர் இருக்கு. முதலாளி அசந்துட்டாரு. அவங்களையும் லீவுல அனுப்பணுமாம், உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு. ஆபீஸ் பூரா தேடிட்டேன். எந்த சீட்டுல சார் உக்காருவாங்க?"

பத்ரிநாராயணன் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

காப்பி டம்ளரோடு அடுக்களையிலிருந்து வந்தாள் அவர் மனைவி ஹம்சா.

"ஏன்னா, ஆபீஸ்லேர்ந்தா? உங்களை விட்டா அங்க வேற ஆளே கிடையாதா?"