துரோகியைப் பார்க்கக் கூடாது

டிவி மல்யுத்தத்தில் எதிரிகளாக நடிக்கும் கதை வீட்டிலும் தொடர வேண்டும் என்று ரசிகர்கள் வாக்களித்ததிலிருந்து, லூர்துவும் தம்பி சகாயமும் எங்கும் எதிரிகளாகவே வாழ்ந்தார்கள். போகுமிடமெல்லாம் கேமரா.

போன மேட்ச்சில் லூர்து தூக்கியெறிந்ததில் சகாயத்தின் இடுப்பெலும்பு நிஜமாகவே உடைந்தது. "நடிக்கிறான்" என்றார்கள் ரசிகர்கள். அண்ணன் அவனைப் பார்க்கவே கூடாது என்று வாக்களித்தார்கள்.

லூர்து அதை மீறி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"வலிக்குதாடா?"

கதை கெட்டால் நிகழ்ச்சியை நடத்தும் கம்பெனி சிகிச்சைச் செலவை நிறுத்திவிடும். சகாயம் கேமராவைப் பார்த்து மிரண்டான். "வெளிய போடா, துரோகி!" என்று கத்தினான். போர்வைக்குள் அண்ணன் கையை இறுக்கிப் பிடித்தபடி, "நீயும் திட்டுண்ணா" என்று முணுமுணுத்தான்.

லூர்து அழுதுகொண்டே திட்டினான்.

வராந்தாவுக்கு வந்தபோது போனில் ரசிகர்களின் முதல் கருத்து வந்திருந்தது: "செம சீன்! அடுத்த மேட்ச்சை ஆஸ்பத்திரியிலேயே வைங்க."