இடத்தோள்

கல்லடிப் பழைய பாலத்தில் எவரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் வலத்தோளுக்கு மேலாகத்தான் தூண்டில் வீசுகிறார்கள். இடப்பக்கம் வீசினால் பக்கத்துக் கோலோடு சிக்கும். மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்த நாள்முதல் பெனடிக்றின் வலத்தோள் உயர்வதில்லை. இன்றும் வீச முடியாவிட்டால் இனி இந்தப் பாலத்தில் அவனுக்கு வேலையில்லை. மாலை வெயிலில் தூண்டிற்கோலை, நூல் சுற்றிய றீலுக்குச் சற்று முன்னால், ஒற்றை விரலில் ஏந்திப் பார்க்கிறான். நுனி தாழ்கிறது. இருபுறமும் ஒத்து, பாரம் தெரியாத கோலென்றால் பழகாத கையும் வீசும். அடிப்பிடியில் இன்னுமோர் ஈயத்தகட்டைச் சுற்றி இறுக்குகிறான். கோல் மெல்ல ஆடி, வாவி நீரைப்போல மட்டமாக நிற்கிறது. “என்ன மச்சான், மீன் நிறுக்கத் தராசு செய்றியா?” என்று இடப்பக்கத்துச் சுதாகரன் சிரிக்கிறான். பெனடிக்ற் கோலை இடக்கைக்கு மாற்றுகிறான். “தலையக் குனி மச்சான். உன்ர பக்கத்தாலதான் எறியப்போறன்.” சுதாகரன் குனிகிறான்; பெனடிக்றின் இடத்தோளுக்கு மேலாக நூல் சீறிப் பறக்கிறது.