மேலண்ணம்

பல் டாக்டர் செயற்கை அண்ணத் தட்டை மேல்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’ என்று பொருந்திக்கொண்டது.

“ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, பாக்கலாம்.”

கண்டக்டர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். ஆறு மாதமாக ஒரே ஒரு வார்த்தைக்கு ஏங்கியவர், அதை டாக்டரிடம் போய்ச் செலவழிப்பாரா?

முதலில் கன்னம்தான் வீங்கியது. பல்வலி என்று நினைத்தார். சர்க்கரை எகிறிக் கிடந்தது அவருக்கே தெரியாது. நாலாம் நாள் மேலண்ணத்தில் கரி அப்பியதுபோல் ஒரு கறுப்பு.

பூஞ்சை எலும்புக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். மேல்தாடையில் பாதியை எடுத்தார்கள். அண்ணமும் அதோடு போயிற்று.

அந்த வார்டில் அதே நோயோடு நான்கு பேர். ஒருவருக்கு ஒரு கண் போனது. இருவர் வீடு திரும்பவே இல்லை. வாரக்கணக்கில் ஏறிய மருந்து சிறுநீரகத்தை ஆட்டிப் பார்த்தும், கண்டக்டர் தாக்குப்பிடித்தார்.

குரல்தான் பிழைக்கவில்லை.

எந்த நெரிசலிலும் கடைசி இருக்கைவரை கேட்கிற குரல். இப்போது காற்றெல்லாம் ஓட்டை வழியாக மூக்குக்கு ஏறியது. ‘ப’ என்று தொடங்கினால் ‘ம’ வந்து நின்றது. விசில்கூட ஊத முடியவில்லை.

“நீ வர்ற வரைக்கும் நானே கத்தி, நானே ஓட்டிக்கிறேன்” என்று பார்க்க வந்த டிரைவர் சிரித்தார். வராண்டாவுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய கைக்குழந்தையை வார்டுக்குள் விடவில்லை. அப்புறமும் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கும்படி ஆயிற்று. எட்டு மாதக் குழந்தையாக விட்டுவந்த மகளைத் தினமும் சாயங்காலம் போனில் கூப்பிடுவார். இரண்டு தடவை கூப்பிடுவதற்குள் தன் குரல் தனக்கே பொறுக்காமல் வைத்துவிடுவார்.

இன்று மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கண்டக்டர் டாக்டர் அறையின் கதவைத் திறந்தார். பெஞ்சைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, தன் காலிலேயே நின்றிருந்தாள் மகள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பா.”

சுத்தமாக விழுந்தது. உதடுகள் ஒட்டிப் பிரிந்த சத்தம்கூட அவருக்குக் கேட்டது.

குழந்தை திரும்பவில்லை.

இன்னும் உரக்கக் கூப்பிட்டார், பஸ்ஸில் கத்துகிற குரலில். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் மட்டும் பெஞ்சின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம். மறக்காமல் என்ன செய்வாள்?

மனைவி எழுந்து பக்கத்தில் வந்தாள். ஏதோ தப்புச் செய்தவள்போல அவள் குரல் தாழ்ந்திருந்தது.

“அவளுக்கு அந்தப் பேரு தெரியாதுங்க. நீங்க போன்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியேதான் கூப்பிடணும்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்பா தப்பாச் சொல்றாருன்னு அவளுக்குத் தோணிடக் கூடாதுல்ல…”

 

கண்டக்டர் தரையில் மண்டியிட்டார்.

“மாம்மா” என்றார்.

அவள் சட்டென்று திரும்பினாள். பெஞ்சை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்தாள்.