ஒற்றைத் தண்டு வீடு

தென் அமெரிக்கச் சதுப்பு நிலம் ஒன்றில், நாணல் காட்டுக்கு நடுவே ஒரு தவளை இருந்தது. அக்கம்பக்கத்தில் யார் என்ன செய்தாலும் ஒரு யோசனை சொல்லாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

அந்த வருடம் அதன் தலைக்கு நேர் மேலே, மஞ்சள் வயிறும் நீலக் கன்னமுமாக ஒரு சின்னக் குருவி, ஒரே ஒரு நாணல் தண்டில் கூடு கட்டி முட்டையிட்டது.

"என்னம்மா இது? நாலு தண்டைச் சேர்த்துக் கட்டக் கூடாதா? காத்தடிச்சா என்ன ஆகும்?" என்றது தவளை.

"பார்த்துக்கலாம் அண்ணே," என்றது குருவி.

தவளை தினமும் அதையே கேட்டது. குருவியும் அதையே சொன்னது.

ஒரு மத்தியானம் தெற்கிலிருந்து புயல் வந்தது. சுற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த தண்டுகள் மடமடவென்று ஒடிந்தன. தனியே நின்ற குருவியின் தண்டு வளைந்தது, இன்னும் வளைந்தது, கடைசியில் கூடு தவளையின் மூக்குக்கு நேராகத் தண்ணீரை உரசிக்கொண்டு நின்றது. எல்லாம் போச்சு என்று தவளை கண்ணை மூடிக்கொண்டது.

திறந்து பார்த்தால், குழிந்த கூட்டுக்குள் குருவி நனைந்து நடுங்கிக்கொண்டே முட்டைகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு முட்டைகூட உருளவில்லை.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. வீடு மேலே போகப்போகுது, உங்களை இடிச்சிடும்," என்றது குருவி.

தவளை தள்ளிக்கொண்டது. காற்று சற்றே ஓய்ந்ததும் தண்டு விசுக்கென்று நிமிர்ந்தது. கொட்டும் மழையில் அந்தச் சின்ன வீடு வானத்தைப் பார்க்க ஏறிப்போனதைத் தவளை அண்ணாந்து பார்த்தது. யோசனை சொல்ல வாயைத் திறந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருக்க, மழை அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.