இருபத்து நாலு மேசை

காலை பதினொன்றே காலுக்கு, மெதெயின் நகரில் தான் திறக்கவிருக்கும் உணவகத்தின் உள்ளலங்கார டெண்டர்களை ஓஃபீலியா பிரித்தார். இந்த வேலையும் கைநழுவினால், டெண்டர் போட்டிருந்த எலியேசர் தன் உள்ளலங்காரக் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

“நம்ம விலைதான் அதிகம், முதலாளி,” என்று கிசுகிசுத்தாள், மதிப்பீடு போட்ட யாமிலே.

“வாயை மூடிட்டு மாதாவை வேண்டிக்க.”

ஓஃபீலியா துள்ளி எழுந்தார். “மத்தவங்க எல்லாம் பன்னிரண்டு மேசைதான் போட்டிருக்காங்க. அதே ஹாலுக்குள்ள இருபத்து நாலு போடறேன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. வேலை உங்களுக்குத்தான்!”

கையெழுத்தானதும் எலியேசர் யாமிலேயைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார். “கெட்டிக்காரி! எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“அவங்க கொடுத்த ஹால் மாதிரிப் படத்தைப் பார்த்து ஒண்ணு விடாம எண்ணினேன்.”

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆட்டம் நின்றது.

“ஏம்மா, இந்தச் சுவர் முழுக்க முகம் பாக்குற கண்ணாடியாச்சே! அதுக்குள்ள தெரியற பன்னிரண்டு மேசையை எங்கே போடப் போறோம்?”